வாயு விதிகளும் இருப்புக் கணக்கும்

(மாயாபந்தரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று, ஆண்டுகள் பலவற்றை மைய அரசின் கோப்புகளுக்கிடையே கழித்த ஒருவன் வேதியியலைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பைத் தரலாம். நான் வேதியியல் அறிஞன் அல்லன். ஆயினும் வாயுக்களின் அடிப்படை விதிகளை எண்ணிப் பாராமல் ஓர் அலுவலர் கையொப்பமிட்டால் என்ன நேரும் என்பதை அனுபவத்தால் அறிந்தவன். அந்த அனுபவத்திலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் ஆக்சிஜன் கொள்முதல் பற்றிய கோப்பு என் மேசைக்கு வந்தது. தேவைப் பட்டியலில் “ஆக்சிஜன் சிலிண்டர் – 40” என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. இரண்டு விலைப்புள்ளிகள் வந்திருந்தன. சிலிண்டர் ஒன்றுக்கு எது குறைந்த விலையோ அதனை நான் பரிந்துரைத்தேன். பொருளாதாரம் படித்தவன் வேறென்ன செய்வான்? கோப்பு வெளியே செல்லுமுன் பண்டகக் காப்பாளர் தயங்கியபடியே என்னிடம் வந்து, “ஐயா, இது சிறிய சிலிண்டர், பெரிய சிலிண்டரில் உள்ளதில் நாலில் ஒரு பங்குகூட இதில் இராது” என்றார். சிலிண்டரின் விலையைப் பார்த்த நான், அதனுள் இருக்கும் வாயுவின் விலையைப் பார்க்கவில்லை. அவர் சுட்டிக்காட்டிய பிழையைத் திருத்தினேன். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கும் கணக்கு உண்டு என்பதையும், அக்கணக்கின் வாய்பாடுகளே வாயு விதிகள் என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

தீவுகளுக்கு ஏன் இது இன்றியமையாதது?

மாயாபந்தர் 2006-ஆம் ஆண்டில் அமைந்த வட, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைநகரம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் இங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அச்சாலை ஜாரவா பழங்குடியினரின் ஒதுக்ககப் பகுதியினூடே செல்வதால், அங்கு வண்டிகள் குறித்த வேளைகளில் அணியணியாகவே அனுமதிக்கப்படுகின்றன. சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சரக்கு வரவேண்டுமானால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கடந்தாக வேண்டும். பெருநிலத்தில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் குறைந்தால் அண்டை நகரிலிருந்து சில மணி நேரத்தில் வரவழைக்கலாம். தீவிலோ, “இன்னும் எத்தனை மணி நேரத்திற்கு வரும்?” என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை தெரிந்திருக்க வேண்டும். அவ்விடையை நமக்கு அளிப்பவை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அறிவியலாளர்கள் செதுக்கி வந்த சில எளிய விதிகளே.

பாயில் விதி

இராபர்ட் பாயில் என்னும் ஆங்கிலோ-ஐரிஷ் அறிஞர் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் சிறிதளவு காற்றை அடைத்து, பாதரசத்தை ஊற்றி ஊற்றி அக்காற்றினை நெருக்கினார். அழுத்தம் இருமடங்கானபோது காற்றின் பருமன் பாதியாயிற்று. 1662-இல் அவர் இதனை வெளியிட்டார். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, குறிப்பிட்ட அளவுள்ள வாயுவின் பருமன் அதன் அழுத்தத்திற்கு எதிர் விகிதத்தில் அமையும் என்பதே பாயில் விதி. வேறு வகையாகக் கூறின், அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் எண் மாறாது.

இவ்வொரு பெருக்கலே என் கோப்பின் பிழையைக் காட்டப் போதுமானது. நம் மருத்துவமனைகளில் காணப்படும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 46.7 லிட்டர்; சிறியதின் கொள்ளளவு ஏறத்தாழ 10 லிட்டர். இரண்டிலும் வாயு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. இது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சற்றேறக்குறைய 150 மடங்காகும். ஆகவே பெரிய சிலிண்டரைத் திறந்துவிட்டால் கிடைக்கும் வாயு ஏறத்தாழ 7,000 லிட்டர். சிறியதிலிருந்து கிடைப்பது 1,500 லிட்டர். நாற்பது பெரிய சிலிண்டர்கள் 280 கனமீட்டர் வாயுவைத் தரும். நாற்பது சிறிய சிலிண்டர்கள் தருவது 60 கனமீட்டர் மட்டுமே. பட்டியலில் எழுதப்பட்ட எண் இரண்டிற்கும் ஒன்றேதான்!

இன்னும் ஒரு கணக்கு. ஒரு நோயாளிக்கு நிமிடத்திற்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரப்படுகிறது எனக் கொள்வோம். இரவு பத்து மணிக்குப் பெரிய சிலிண்டரின் மானி 50 என்று காட்டுகிறது. நிறைந்த நிலையில் 150 காட்டியது 50-க்கு இறங்கியுள்ளதால் எஞ்சியிருப்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,330 லிட்டர். இது 466 நிமிடங்களுக்கு வரும். காலை ஆறு மணிக்குச் சற்று முன்னரே சிலிண்டர் வெறுமையாகிவிடும். இரவுப் பணியிலிருக்கும் செவிலியர் காலை மாற்றலுக்கு வருபவரிடம் இப்பொறுப்பை விட்டுச் செல்ல இயலாது. மாற்றுச் சிலிண்டரை இரவிலேயே அருகில் வைத்தாக வேண்டும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விதி இங்கு ஓர் உயிரைக் காக்கும் விதியாகிவிடுகிறது.

இத்தீவுகளைச் சூழ்ந்த கடலிலும் இவ்விதியே ஆட்சி செய்கிறது. 2018 வரை ஹேவ்லாக் என வழங்கிய ஸ்வராஜ் தீவில் சுற்றுலாப் பயணிகள் காற்றுக்கலனை முதுகில் சுமந்து கடலில் மூழ்குகின்றனர். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு காற்று மண்டல அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. ஆகவே மேற்பரப்பில் ஒரு மணி நேரத்திற்குப் போதுமான காற்று அங்கே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியவாறே மேலே வருபவருக்கு அக்காற்று இருமடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழியும் ஆபத்து உண்டு. மேலேறும்போது மூச்சை அடக்காதே என்பது மூழ்குவோருக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடங்களுள் ஒன்று. பாயிலின் பெயரை அறியாதவரும் அவர் விதிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

வெப்பத்தின் பங்கு

பாயில் விதியில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது, வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்பது. பொருளாதாரத்தில் நாங்கள் தேவை விதியைக் கூறும்போது “ஏனையவை மாறாதிருப்பின்” என்று சேர்த்துக் கூறுவோம். விலை உயர்ந்தால் தேவை குறையும் என்பது வருமானமும் மக்களின் விருப்பமும் மாறாத வரையில்தான் உண்மை. அந்தச் சிறு தொடரை மறந்தவர்கள் செய்த தவறான திட்டங்கள் பல. வாயுக்களின் செய்தியிலும் அவ்வாறே.

வெப்பநிலை மாறினால் என்ன நேரும் என்பதை பிரெஞ்சு அறிஞர் ழாக் சார்லஸ் 1787-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். 1783-இல் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் பறந்தவர் அவர். தம் ஆய்வை அவர் வெளியிடவில்லை. 1802-இல் அதே உண்மையை நுட்பமாக அளந்து வெளியிட்ட கே-லுசாக், முன்னோடியான சார்லஸின் பெயரை மறவாது குறிப்பிட்டார். அழுத்தம் மாறாதிருக்கும்போது, வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வாயுவின் பருமன், பூச்சிய டிகிரியில் அது கொண்டிருந்த பருமனில் ஏறத்தாழ 273-இல் ஒரு பங்கு கூடுகிறது. இதனால் பூச்சியத்திற்குக் கீழே 273 டிகிரியைத் தொடக்கமாகக் கொண்ட தனி வெப்பநிலை அளவுமுறை பிறந்தது. 1848-இல் அதனை வகுத்தவர் கெல்வின் பிரபு என்று பின்னர் அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன். இரும்புக்கலனில் அடைபட்ட வாயு விரிய இடமில்லாததால், அங்கே பருமனுக்கு மாறாக அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது.

இதனால் விளையும் நடைமுறைப் பயன்கள் இரண்டைக் கூறுகிறேன். முதலாவது பாதுகாப்பு. 27 டிகிரியில், அதாவது தனி வெப்பநிலை 300-இல், 150 காட்டிய சிலிண்டரை வெயிலில் போட்டு அது 57 டிகிரியை எட்டினால், அழுத்தம் பத்து விழுக்காடு உயர்ந்து 165 ஆகும். துறைமுகத் தளத்தில் வெயிலில் சிலிண்டர்களை அடுக்கிவைப்பது ஏன் கூடாது என்பதற்கு இது விடை.

இரண்டாவது, நம் போன்ற அலுவலர்களுக்குரியது. வாயுவை விரைந்து அடைக்கும்போது கலன் சூடேறுகிறது. 47 டிகிரியில் 150 என்று குறித்து அனுப்பப்பட்ட சிலிண்டர், 27 டிகிரிக்குக் குளிர்ந்தபின் ஏறத்தாழ 140 மட்டுமே காட்டும். இருப்பைச் சரிபார்க்க வரும் அலுவலர் இதைக் கண்டு “பத்து எங்கே போயிற்று?” என்று விளக்கம் கேட்கக்கூடும். ஒன்றும் எங்கும் போகவில்லை. உள்ளிருக்கும் ஆக்சிஜனின் எடை அணுவளவும் குறையவில்லை, குறைந்தது வெப்பநிலையே. வாயு விதியை அறியாத தணிக்கை, நேர்மையான பணியாளர்மீது களவுக் குற்றம் சுமத்திவிடும். அதை அறிந்த தணிக்கையோ, மெய்யான கசிவையும் கண்டுபிடிக்கும்.

அவகாட்ரோவின் எண்ணம்

1808-இல் கே-லுசாக் இன்னொரு விந்தையைக் கண்டறிந்தார். இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் கூடி இரண்டு பருமன் நீராவியைத் தருகின்றன. வாயுக்கள் எப்போதும் எளிய முழு எண் விகிதத்திலேயே கூடுவது ஏன்? 1811-இல் இத்தாலிய அறிஞர் அமேதியோ அவகாட்ரோ விடை கூறினார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்கள், அவை எவ்வகையினவாயினும், சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்பதே அது. அறிவியல் உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கருத்தைப் பொருட்படுத்தவில்லை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில் கன்னிசாரோ இதன் சிறப்பை எடுத்துரைத்தபோது, அவகாட்ரோ உயிரோடு இல்லை. மாணவச் செல்வங்களே, நல்ல கருத்து உடனே ஏற்கப்படாததனால் அது பொய்யாகிவிடுவதில்லை.

அவகாட்ரோவின் கருத்தால், வாயுவின் பருமனிலிருந்து அதன் எடையைக் கணக்கிட முடிகிறது. ஒரு மோல் வாயு 27 டிகிரியில் காற்று மண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 24.6 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆக்சிஜனின் ஒரு மோல் 32 கிராம். ஆகவே ஒரு கிலோகிராம் ஆக்சிஜன் 770 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். 2021-ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையின்போது நாட்டின் மருத்துவ ஆக்சிஜன் வழங்கல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9,000 டன் வரை உயர்ந்தது. ஆலை டன்னில் கணக்கிட்டது. தொட்டி வண்டி லிட்டரில் கணக்கிட்டது. மருத்துவமனை சிலிண்டரில் எண்ணியது. நோயாளியின் தேவையோ நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று இருந்தது. இந்நான்கு மொழிகளையும் ஒன்றாக்கிப் பேசவைத்தது அவகாட்ரோவின் கருத்தே. பூச்சியத்திற்குக் கீழ் 183 டிகிரியில் திரவமாகும் ஆக்சிஜன், ஒரு லிட்டர் திரவத்திற்கு 850 லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவைத் தருகிறது. நெடுந்தொலைவுக்கு அதனைத் திரவமாக இரயிலில் அனுப்பியதன் சிக்கனம் இதிலிருந்து விளங்கும்.

மானி காட்டாத சிலிண்டர்

இல்லங்களில் உள்ள சமையல் எரிவாயு சிலிண்டருக்கும் இக்கணக்கையே போடலாமா? கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரில் இருப்பது நெருக்கப்பட்ட வாயு. சமையல் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன்மேல் சிறிது ஆவி. நாம் ஆவியை எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி அவ்விடத்தை நிரப்புகிறது. வெப்பநிலை மாறாத வரையில், கடைசித் துளி திரவம் இருக்கும்வரை உள்ளழுத்தம் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். ஆகவே அழுத்தமானி அதன் இருப்பைக் காட்டாது; தராசுதான் காட்டும். வீட்டுச் சிலிண்டரில் இருக்க வேண்டிய எரிவாயு 14.2 கிலோகிராம். வெறுஞ்சிலிண்டரின் எடை அதன்மேலேயே பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டையும் கூட்டி, நிறுத்துப் பார்த்து வாங்குவது நுகர்வோரின் உரிமை. 2016 மே மாதத்தில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வாயிலாக ஏழை இல்லங்கள் பலவற்றிலும் எரிவாயு புகுந்துள்ள நிலையில், இந்த எளிய உண்மை ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருத்தல் நலம்.

அவகாட்ரோ இங்கும் துணை நிற்கிறார். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. சமையல் எரிவாயுவிலுள்ள புரொப்பேனின் எடை 44, பியூட்டேனின் எடை 58. சம பருமனில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருப்பதால், இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் அது மேலே செல்லாமல் தரையை ஒட்டித் தங்கும். ஆகவே சமையலறையில் தரை மட்டத்திலும் காற்றுப் போக்கிடம் வேண்டும். வாடை வந்தால் விளக்கின் விசையைத் தொடாமல், சிலிண்டரின் வால்வை மூடிக் கதவுகளைத் திறக்க வேண்டும்.

விதிகளின் எல்லை

எந்த விதிக்கும் எல்லை உண்டு. மேற்கூறிய விதிகள் மூலக்கூறுகள் இடத்தை அடைத்துக்கொள்வதில்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை என்னும் கற்பனையில் முழு உண்மையாகின்றன. மெய்யான வாயுக்கள் மிகுந்த அழுத்தத்திலும் குறைந்த வெப்பநிலையிலும் இவற்றிலிருந்து விலகும். 150 மடங்கு அழுத்தத்தில் நம் ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கைவிடச் சில விழுக்காடு மிகுதியான வாயுவைக் கொண்டிருக்கும். 1873-இல் டச்சு அறிஞர் வாண்டர் வால்ஸ் இவ்விலகலுக்குத் திருத்தம் கூறினார். அத்திருத்தத்தை மேலும் ஆராய்ந்து 1918-இல் கட்டுரை வெளியிட்டவர்கள், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளர்கள் இருவர்: மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போசும். அப்போது இருவரும் இருபத்தைந்து வயதளவினர்.

விதி எங்கிருந்து பிறக்கிறது என்பதும் எண்ணத்தக்கது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் போக்கில் ஓடுகிறது, மோதுகிறது, திரும்புகிறது. ஒன்றின் பாதையை முன்னறிய இயலாது. ஆயினும் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்தால் ஒழுங்கு தோன்றுகிறது. 1860-இல் இதனைக் கணித வடிவில் வெளியிட்ட மாக்ஸ்வெல், மனித சமுதாயத்தின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் கெட்லேயின் கருத்துகளால் தூண்டப்பட்டவர் என்பது அறிவியல் வரலாற்றாசிரியர்கள் சுட்டும் செய்தி. மக்கள் தொகைக் கணக்கின் வழியே வாயுக்கள் விளங்கின எனலாம். சமூகவியலுக்கும் வேதியியலுக்கும் இடையே நாம் எழுப்பியுள்ள சுவர் அவ்வளவு உயரமானதன்று. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. மூலக்கூறுகளுக்குச் சராசரி போதும். மருத்துவமனையில் படுத்திருக்கும் மனிதருக்குச் சராசரி போதாது. அவருடைய சிலிண்டரில் இன்று இரவு ஆக்சிஜன் இருந்தாக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அலுவலக நண்பர்களே, மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். தேவைப் பட்டியலிலும் இருப்புப் பதிவேட்டிலும் சிலிண்டர்களின் எண்ணிக்கையோடு அவற்றின் கொள்ளளவையும் அழுத்தத்தையும் எழுதுங்கள். சரிபார்க்கும்போது அன்றைய வெப்பநிலையையும் குறியுங்கள். விலைப்புள்ளிகளைச் சிலிண்டருக்கு ஒப்பிடாமல் கனமீட்டருக்கு ஒப்பிடுங்கள். “எத்தனை சிலிண்டர் உள்ளது?” என்று கேட்பதோடு நில்லாமல், “எத்தனை மணி நேரத்திற்கு உள்ளது?” என்றும் கேளுங்கள். கப்பலும் சாலையும் எடுத்துக்கொள்ளும் காலத்தைவிட அவ்விடை குறைவாயிருந்தால், அன்றே செயற்படுங்கள். இவற்றிற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. பதிவேட்டில் கூடுதலாக மூன்று பத்திகள் போதும்.

மாணவ மாணவியரே, உங்களில் சிலர் நாளை இத்தீவுகளின் மருத்துவமனைகளிலும் துறைமுகங்களிலும் அலுவலகங்களிலும் பொறுப்பேற்பீர்கள். தேர்வு முடிந்ததும் இவ்விதிகளை விடைத்தாளோடு விட்டுவிடாதீர்கள். வாயுக்களை ஆராய்ந்த மேகநாத் சாகா, 1938-இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலும் உறுப்பினராக இருந்தவர். 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்திற்குச் செல்லும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. ஆய்வுக்கூடத்திற்கும் திட்ட அலுவலகத்திற்கும் இடையே அவர் நடந்த பாதை நம் அனைவருக்கும் உரியது.

அன்று என் பிழையைத் திருத்திய பண்டகக் காப்பாளர், பாயிலின் பெயரைச் சொல்லவில்லை. சிலிண்டரைத் தூக்கிப் பழகிய கைகளால் அவர் அவ்விதியை அறிந்திருந்தார். கற்றவர்கள் கணக்கால் அறிவதும், உழைப்பவர்கள் கைப்பழக்கத்தால் அறிவதும் ஓரிடத்தில் சேர்ந்தால் தவறுகள் குறையும். கீழ்நிலைப் பணியாளர் ஒருவர் தயங்கியபடி கோப்புடன் வந்து நின்றால், அவருக்குச் செவிசாய்க்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.